காலடியில் விழுந்த குச்சி

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எப்படிம்மா ஆரம்பிச்சுது?" டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைச்சலா என்ன, ஆளுக்கொரு தூக்குவாளி, ஆளுக்கொரு கேள்வி. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. "வலிக்கிற அளவுக்கு வாய் அசையுதேன்னு சந்தோசப்படுட்டி" என்கிறாள் மதினி. மதினி என்றால் என் அண்ணன் பெஞ்சாதி. திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். இந்த நோய் இன்னொருத்திக்கு வந்து, அவளும் என்னைப் போல அதைப் பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவளுக்காவது உபயோகப்படட்டும்.

எனக்கு அது டிரம் அடிக்கிற குச்சியில் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பேண்டு வாசிக்கிறவர். தோளிலிருந்து இடுப்புப் பக்கமாகத் தொங்குமே சைடு டிரம், அதுதான் அவருடையது. துப்பாக்கி பிடிக்கப் போனவன் குச்சி பிடிக்கிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள். சண்டை வந்தால் அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஓடுகிறவர்கள் இந்த பேண்டுக்காரர்கள்தான் என்று அந்தக் கேலிக்காரர்களுக்குத் தெரியாது. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பேண்டில் ஒரு இடம் வரும். ஊதுகிற வாத்தியமெல்லாம் நின்றுவிடும், டிரம்காரர்கள் மட்டும் வாசிப்பார்கள். திடீரென்று டிரம்மும் நின்றுவிடும். அந்த நேரத்தில் வரிசையில் இருக்கிற எல்லாரும் குச்சியை விரலிடுக்கில் வைத்து ஒரே மாதிரி சுழற்றுவார்கள். சுழன்று முடித்து மறுபடி டிரம்மில் இறங்கும்போது அத்தனை பேர் அடியும் ஒரே அடியாகக் கேட்க வேண்டும். அதற்காக அவர் வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் சுழற்றுவார். தோசைத் திருப்பி, பல் தேய்க்கிற பிரஷ், அண்ணனின் இங்க் பேனா. பேனாவைச் சுழற்றிய அன்று அண்ணன் வீட்டுச் சுவரில் நீலப் புள்ளியாகத் தெறித்தது, இன்னும் இருக்கிறது.

கல்யாணமாகி ஆறேழு மாசம்தான் டில்லியில் சேர்ந்து இருந்தோம். அப்புறம் அவருடைய பட்டாளத்தை வடக்கே மலைமேல் அனுப்பிவிட்டார்கள். அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக அனுமதி இல்லை. நான் மோதி பாக்கில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் ஒரு மந்திரி ஆபீசில் குமாஸ்தா. கிளம்புகிற அன்று இவர் தன்னுடைய பழைய ஜோடிக் குச்சியை என் மடியில் போட்டார்.

"ஏளா, ஜனவரியில பரேடுக்கு எங்க பேண்டு டில்லி வரும். அதுக்குள்ள ஒரு முழுச் சுத்து சுத்திக் காட்டணும், சரியா?"

"எனக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்றேன். ரயில் போன அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன்.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே குச்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் தள்ளும், நடுவிரல் இழுக்கும், குச்சி விரலைச் சுற்றிப் போய்த் திரும்பி உள்ளங்கைக்கு வர வேண்டும். எனக்குப் போகிற வரைக்கும் போகும், வராது. கையிலிருந்து பறந்து ரேடியோ மேல் விழும், அண்ணனின் மூக்குக் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். ஒருநாள் கொதிக்கிற சாம்பாரில் போய் நிமிர்ந்து நின்றது. "ஏட்டி, இந்த வீட்டுல ஸ்கூட்டர்காரன் போடுத தொப்பியைப் போட்டுக்கிட்டுத்தான் சமைக்கணும் போல" என்றாள் மதினி. வெளியே கத்துவாளே தவிர, நான் பழகுகிற நேரத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

அவர் இல்லாத வீட்டில் அந்தக் குச்சிதான் எனக்குப் பேச்சுத் துணை. பிடிக்கிற இடத்தில் வார்னிஷ் தேய்ந்து, அவர் விரல் பட்ட தடம் பழுப்பாக இருக்கும். அங்கேயே என் விரலையும் வைத்துக்கொள்வேன். என்ன ஏக்கம் என்றால் அப்படி ஒரு ஏக்கம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுத வெட்கமாக இல்லை.

மழைக்காலம் முடிந்து ராம்லீலா நடக்கிற சமயத்தில், மைதானத்து வண்டிக்காரனிடம் கோல்கப்பா என்று புளித்தண்ணி ஊற்றிய குட்டிப் பூரி தின்றேன். வயிறு கெட்டு நாலு நாள் படுத்தேன், எழுந்தேன், மறந்தேன். கொஞ்ச நாள் கழித்து விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருந்தது. பழகிப் பழகி இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தேன். பாதமும் மதமதத்தது. அதற்குப் புதுச் செருப்பைத் திட்டினேன். குச்சி அடிக்கடி விழ ஆரம்பித்தது. அதுவும் முன்னே மாதிரிப் பறக்காமல், சும்மா நழுவி என் காலடியில் விழுந்தது.

"இப்பத்தான் குச்சிக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு, கால்ல விழுந்து கும்பிடுது" என்றாள் மதினி. எல்லாரும் சிரித்தோம். "பிராக்டிஸ் போதாது" என்றான் அண்ணன். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பழகினேன். பழகுகிறவள் கையிலிருந்து குச்சி விழுவது ஒரு அதிசயமா? வேறு யார் வீட்டிலாவது ஒரு பெண் கையிலிருந்து எல்லாம் நழுவினால் உடனே டாக்டரிடம் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் அதற்குக் கைதட்டிச் சிரித்தோம்.

குச்சிக்கு அப்புறம் டம்ளர் விழுந்தது. அப்புறம் ஜடை பின்ன வரவில்லை. ஒருநாள் காலையில் பால் டிப்போ வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது இரண்டு முழங்காலும் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் நின்ற சர்தார்ஜி ஒருத்தர்தான் என்னையும் பால் பாட்டிலையும் சேர்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

பட்டாளத்துக்காரன் பெஞ்சாதி என்பதால் கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிற ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பில் என்ற கவலை எங்களுக்கு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். காத்திருக்கிற கூடத்தில் என்னை அண்ணன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். சுவர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு போஸ்டர். அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணன் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு மேஜர், வங்காளி, முடி நரைத்தவர். ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல ஆளுக்குத் தட்டினால் கால் துள்ளும். என் கால் அவரை மதிக்கவே இல்லை. மறுபடி தட்டினார். கையிலும் தட்டினார். எப்போதிலிருந்து என்று இந்தியில் கேட்டார். நான் குச்சியைப் பற்றிச் சொன்னேன்.

அண்ணனுக்கு மானம் போய்விட்டது. "அது ஒண்ணுமில்லை சார், சும்மா விளையாட்டுக்குப் பழகிட்டிருந்தா" என்று குறுக்கே விழுந்தான். டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்: "முன்னே விழுந்தால் எங்கே விழும்?"

"தூரமா."

"இப்போது?"

"காலடியில."

அவர் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டார். "பறக்க வைக்கிற சக்தி முதலில் போயிருக்கிறது, பிடிக்கிற சக்தி அப்புறம் போயிருக்கிறது" என்று தன் பக்கத்தில் நின்ற சின்ன டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னார். அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னான்.

மறுநாள் என்னைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்க வைத்து, முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம், அதில் புரதம் கூடியிருந்தால் இந்த நோய். கூடியிருந்தது. நோயின் பெயர் கியான் பாரே. உள்ளே என்ன நடக்கிறது என்று மேஜர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வயிற்றுக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் பட்டாளம், ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே சுடுகிறது. கரண்டு வயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டு. அது கிழிந்துவிட்டால் மூளை சொல்லுகிற செய்தி விரலுக்குப் போய்ச் சேராது. உறை மறுபடி வளரும். ஆனால் பைய வளரும்.

"முழுசா வருமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் வரும்" என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நோய் காலிலிருந்து மேலே ஏறியது. இடுப்பு போயிற்று, கை முழுசும் போயிற்று. முகமும் போயிற்று. கண்ணை மூடினால் பாதிதான் மூடும், சிரித்தால் உதடு அசையாது. அடுத்தது மூச்சு என்று பயந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான். காலையும் சாயங்காலமும் மேஜர் வந்து "கின்தி கரோ" என்பார், எண்ணு என்று அர்த்தம். நான் தமிழில் எண்ணுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, கட்டில் கம்பியில் விரலால் தட்டித் தட்டிக் கணக்கு வைத்துக்கொள்வார். முதலில் முப்பதைத் தாண்டினேன். ஒரு வாரத்தில் பத்துக்கே தடுமாறினேன். மூச்சு விடுகிற மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். மூடி வைத்தால் எனக்குத் தெரியாதாக்கும். பரேடில் நடக்கிற தாளத்தில் எண்ணினால் கொஞ்சம் கூட வந்தது. அப்படியே எண்ணினேன், அதற்குக் கீழே இறங்கவில்லை. மெஷினை ஒருநாள் வேறு யாருக்கோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் கோட்டயத்துக்காரி. "கரையாதே மோளே, கண்ணு மூடாது, அப்புறம் துடைக்கிறது யாரு?" என்று அழவிடாமல் திட்டிக்கொண்டே கண்ணில் மருந்து விட்டு, ஈரத்துணி போடுவாள். பக்கத்துக் கட்டிலில் சந்தோ, ஹரியானாக்காரி, சுபேதார் பெஞ்சாதி. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். அவளால் நகர முடியாது, கையை மட்டும் நீட்ட முடியும். என் மூக்கு அரித்தால் அவளிடம்தான் சொல்வேன். கட்டிலைச் சிஸ்டரிடம் சொல்லி நெருக்கிப் போடவைத்து, என் மூக்கைச் சொறிந்துவிடுவாள். இதைவிடப் பெரிய உபகாரம் எனக்கு யாரும் செய்ததில்லை.

மதினி தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் முதல் காரியம் என் தலையை வாரி, எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னுவது. "மதினி, வலிக்கி" என்றால் "வலிக்கட்டும், அங்கனயாவது உணர்ச்சி இருக்கே" என்பாள். பின்னி முடித்து, நான் பார்க்காத பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்துவாள். அண்ணன் ஆபீஸ் முடிந்து வந்து அன்றைய ஆபீஸ் வம்பையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வான். ஜென்மத்தில் வம்பு பேசாத மனுஷன், எனக்காக விசாரித்து விசாரித்துக் கொண்டுவந்தான்.

அந்த அண்ணன்தான் இவருக்குத் தந்தியும் அடித்தான். நான் மோசமாக இருந்த வாரங்களில் எல்லாம் ஒரே வாசகம்: "கண்டிஷன் இம்ப்ரூவிங்." தேறி வருகிறாள் என்று. பனி விழுந்து பாதை அடைந்து கிடக்கிறது, பரேடுக்காக பேண்டை விமானத்தில் இறக்குகிற வரைக்கும் மாப்பிள்ளையால் இறங்க முடியாது, உண்மையைச் சொல்லி அங்கே அந்த ஆளையும் ஏன் சாகடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. நான் மூச்சுக்கு எண்ணிக்கொண்டிருந்தபோதும் மலைமேல் நான் தேறிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பரில் ஒருநாள் காலை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனிமூட்டம், எதிரே இருந்த வேப்பமரம்கூடத் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து டிரம் சத்தம் கேட்டது.

பரேடுக்கு வந்த பேண்டுகளுக்குக் கன்டோன்மென்டில்தான் முகாம். ஒத்திகையும் அங்கேயே. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரம். எனக்குத்தான் நடக்க முடியாதே. படுத்தபடியே கேட்டேன். எத்தனையோ பட்டாளத்து பேண்டு, இதில் இவருடையது எது? ஊதுகிறவர்கள் நின்றார்கள். டிரம் மட்டும் வாசித்தது. டிரம்மும் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் அத்தனை குச்சியும் ஒரே அடியாக இறங்கியது. குச்சி சுழல்வதற்குச் சத்தம் கிடையாது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில்தான் அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். தேறிவிட்டாள் என்று நம்பி, கையில் ஒரு பெட்டி மிட்டாயோடு வந்தார். கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். நான் சிரித்தேன். என் வரைக்கும் நன்றாகத்தான் சிரித்தேன், முகத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

"ஏளா, என் மேல கோவமா?" என்றார்.

"சிரிக்கேன்" என்றேன். "சிரிக்கேன்னு தெரியலையா?"

பெட்டியைச் சந்தோ கட்டிலில் வைத்துவிட்டு வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வார்டில் அத்தனை பொம்பளைகள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குச்சி எங்க?" என்றார்.

மதினி திருதிருவென்று விழித்தாள். "அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு தம்பி. சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்." மறுநாள் அதைக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

மேஜர் குச்சியைப் பார்த்துவிட்டு, கைக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் என்ன சொல்வது என்றார். முதலில் கையில் வைத்துக் கட்டினால்தான் நின்றது. அப்புறம் கட்டாமல் நின்றது. ஒரு விரல் அசைந்தது, இன்னொன்று. தினமும் காலையில் ஜன்னல் பக்கம் காதை வைத்திருப்பேன். டிரம் நிற்கிற அந்த நேரம் வந்ததும் போர்வைக்குள் என் கட்டைவிரலால் குச்சியைத் தள்ளுவேன். அவருடையது அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடும். என்னுடையது ஒரு நூல் நகரும். பரேடு முடிந்ததும் பேண்டு திரும்பிவிடும், அதற்குள் ஒரே ஒரு சுற்று வந்துவிடாதா, அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போகமாட்டாரா என்று நான் கெஞ்சாத சாமி இல்லை.

பரேடு அன்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்து டிவி இருக்கிற கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சந்தோ அதற்குள் ஊன்றுகோலில் நடக்க ஆரம்பித்திருந்தாள், வார்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். எல்லாரும் என் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதில் எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி. சிகப்புத் தொப்பியா பச்சைத் தொப்பியா என்றுகூடத் தெரியாது. அறிவிப்பில் பெயர் சொன்னதும் இவர்கள் பேண்டு வந்தது. வாத்தியம் நின்றது. டிரம்மும் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து, மேடையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த பெரிய மனுஷர்களைக் காட்டினான் பாருங்கள்! "அரே, ஹடாவோ இன்கோ!" என்று சந்தோ ஊன்றுகோலால் டிவியை அடிக்கப் போய்விட்டாள். இவர்களை நகர்த்துங்கடா என்று அர்த்தம். மறுபடி பேண்டைக் காட்டும்போது குச்சிகள் இறங்கிவிட்டன. கூடமே திட்டித் தீர்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உதட்டோரம் லேசாக அசைந்ததைச் சிஸ்டர்தான் முதலில் பார்த்தாள்.

பேண்டு திரும்புகிற அன்று, சாயங்காலம் ரயில் என்றால் மத்தியானம் வந்தார். பெட்டி படுக்கை எல்லாம் முகாமில் கட்டி வைத்தாயிற்று. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குச்சியை எடுத்துத் தன் விரல்தடம் இருக்கிற இடத்திலேயே என் விரலை வைத்தார்.

"காட்டு."

கட்டைவிரலால் தள்ளினேன். நடுவிரலால் இழுத்தேன். குச்சி கால் சுற்றுத் திரும்பியது, நின்றது, நழுவியது. போர்வைமேல் உருண்டு என் காலடியில் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். குனிந்தவர் நிமிராமல் தரையிலேயே உட்கார்ந்து, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பாதத்தில் எனக்கு இன்னும் சரியாக உணர்ச்சி வரவில்லை. அவர் பிடிப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

"சுத்தணும்னு இல்ல," என்றார். "நானும் முதல் வருசம் முழுக்க எறிஞ்சுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். காலடியில விழக்கூடாது, அவ்வளவுதான். குச்சி என்னைக்குப் பறந்து தூரப் போய் விழுதோ, அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. நான் அங்கன நிம்மதியா இருப்பேன்."

போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார், தொப்பியை மறந்துவிட்டாராம். தொப்பியை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தத் தொப்பிக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லை. பனி விலகி வேப்பமரம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு அந்த மரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. கம்பியைப் பிடித்து நிற்பது, நிற்பதிலிருந்து விழுவது, மாவு பிசைகிற மாதிரி ரப்பர் பந்தைப் பிசைவது. சந்தோ வீட்டுக்குப் போனாள், போகும்போது என் மூக்கை ஒரு தடவை சொறிந்துவிட்டுப் போனாள். இப்போது நானே சொறிந்துகொள்வேன் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ஹோலி கழிந்து, வெயில் ஏற ஆரம்பித்த ஒரு மத்தியானம். மதினி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசிக்கொண்டே, யோசிக்காமல், கையில் இருந்த குச்சியை ஒரு தட்டுத் தட்டினேன். அது கையில் இல்லை. எங்கே என்று காலடியில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அடுத்த நொடி வார்டின் அந்தக் கோடியில் கணார் என்று சத்தம். சிஸ்டர் கொண்டுவந்த மருந்துத் தட்டு தரையில் கிடந்தது. கலர் கலராக மாத்திரை உருண்டு ஓடுகிறது. "யாரது?" என்று சிஸ்டர் கத்துகிறாள்.

"நான்தான் சிஸ்டர்! நான்தான்!" என்று நானும் கத்தினேன்.

மதினி ஆரஞ்சைப் போட்டுவிட்டு ஓடினாள். குச்சியை எடுத்துக்கொண்டு வந்தவள் என் கட்டிலுக்குக் கிட்டே வந்ததும் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆறு மாசமாக என் முன்னால் அழாத மனுஷி. சிஸ்டர் மாத்திரையைப் பொறுக்கிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் தந்தி அடிக்கச் சொன்னேன். வாசகத்தையும் சொன்னேன்: "குச்சி பறந்தது." தந்திக்கு ஏற்ற மாதிரி இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போனான். போனவன் நல்லபிள்ளையாகத் திரும்பி வந்து, அனுப்பியாச்சு என்றான். முகம் சரியில்லை. துருவிக் கேட்டதில் சொன்னான். தந்தி ஆபீஸில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, இது என்ன குச்சி, எதற்குப் பறந்தது, எல்லையில் இருக்கிற சிப்பாய்க்கு இப்படி ரகசிய பாஷையில் தந்தி கொடுக்கலாமா என்று கேட்டாராம். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. சர்க்கார் உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"என்னன்னு?"

"வழக்கமா எழுதுததுதான். கண்டிஷன் இம்ப்ரூவிங்."

அவனை என்ன செய்வது? நான் செத்துக்கொண்டிருந்தபோது எந்த வார்த்தை போயிற்றோ, அதே வார்த்தை. டிசம்பரிலேயே அந்த வார்த்தையின் லட்சணத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன மனுஷர் அதை எப்படி நம்புவார்? என்னமோ மோசமாகத்தான் ஆகிவிட்டது என்று மலைமேல் உட்கார்ந்து தவித்திருப்பார். அன்று ராத்திரி நான் அண்ணனோடு பேசவில்லை. மறுநாள் அவன் ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொண்டுவந்து வைத்துவிட்டு, மேஜைக்கடியில் உருண்டு கிடந்த என் குச்சியைத் தானே குனிந்து எடுத்துக் கொடுத்தான். பேசிவிட்டேன்.

இப்போது மோதி பாக்கில் மதினி வீட்டில் இருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் நடக்கிறேன். சாயங்காலம் ஆனால் கால் கனத்துவிடும். கண் மூடுகிறது, முகம் சிரிக்கிறது, வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. முழுச் சுற்று இன்னும் வரவில்லை. குச்சி முக்கால் சுற்றுப் போகிறது, அப்புறம் பறக்கிறது. ரேடியோ மேல், நாள்காட்டி மேல், அண்ணனின் மூக்குக் கண்ணாடிக்கு மிக அருகில். ஜன்னலுக்கு மறுபடி போர்வை கட்டியாயிற்று.

பாதை திறந்து, அடுத்த மாசம் அவருக்கு லீவு என்று செய்தி வந்திருக்கிறது. தந்தியைப் பற்றியும் பறந்த குச்சியைப் பற்றியும் நான் ஒன்றும் எழுதி அனுப்பப் போவதில்லை, எங்கள் வீட்டு வார்த்தைக்குத்தான் மரியாதையே போய்விட்டதே. வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் தலை தெரிந்ததும் கட்டைவிரலால் ஒரு தள்ளு. பெட்டியைக் கீழே வைக்கிறதுக்கு முன்னால் அது போய் அவர் நெஞ்சிலேயே விழட்டும். குனிந்து எடுத்துக்கொண்டு, எத்தனை தூரம் வந்து விழுந்திருக்கிறது என்று நின்று பார்க்கட்டும்.

வெரசா வாங்க.